பஸ் கம்பியில் ஏறும் விரல்கள்

ஒரகடத்துக்குக் காலை ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிப்போகும் எங்கள் கம்பெனி பஸ். சேரப்பணஞ்சேரி தாண்டியும், காலி சீட் இருந்தும், ஒரு பெண் நின்றுகொண்டே வந்தாள். கதவோரக் கம்பியில் அவளுடைய இடது கை விரல்கள் ஒவ்வொன்றாக மேலே ஊர்ந்துகொண்டிருந்தன.

"உக்காருக்கா," என்றாள் சீட்டில் இருந்த சின்னவள்.

"உக்காந்தா இந்தக் கை செத்துப்பூடும்டி. கேன்சர்னு மார எடுத்ததுலேர்ந்து மேல போவ மாட்டேங்குது. செவுத்துல விரல வெச்சி, தெனம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தச் சொல்லிகீறாங்க. வூட்ல எங்க நேரம் கீது?"

"அதான் ட்ரீட்மென்ட் எல்லாம் முடிஞ்சிடுச்சே. மெதுவா பண்ணேன். இன்னா அவசரம்?"

"கம்பெனி கேட்டுல செக்கிங் கீதே. நேத்துதான் திரும்ப வேலைக்கு வந்தேனா, செக்கிங் பொண்ணு ரெண்டு கையும் தூக்குன்னா. ஒண்ணுதான் மேல போச்சு. எதையோ ஒளிக்கிறேன்னு நெனச்சி, ஸ்கிரீனுக்குப் பின்னால இட்டுக்கினு போயி, மாருக்குப் பதிலா உள்ள வெச்சிருந்த துணிய வெளிய எடுக்கச் சொன்னா. அவ இன்னா பண்ணுவா, அவ வேல அது."

சின்னவள் கம்பியில் ஏறும் விரல்களைப் பார்த்தாள்.

"நோவுதாக்கா?"

"நோவுது. நோவு வந்தா நிறுத்திக்கன்னுதான் ஆஸ்பத்திரில சொன்னாங்க."

விரல்கள் நிற்கவில்லை.

கேட்டில் இறங்கி வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் அவள். செக்கிங் பெண்ணின் குரல் கேட்டது.

"இன்னும் மேலக்கா. இன்னும் கொஞ்சம் மேல."