கொக்கி போட்டாச்சு

இந்தக் காப்பி நன்றாகவே இருக்கிறது. நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். எங்கள் ரேடியோ நிலையத்துக் காப்பியை ஒரு வாய் குடித்திருந்தால் இதைக் குறை சொல்ல உங்களுக்கு மனம் வராது. காலையில் ஒரு தடவை போட்டு, சாயங்காலம்வரை அதையே சூடு பண்ணிக்கொண்டிருப்போம். எங்கள் காலை நேர அறிவிப்பாளன் ரஸ்டி அதில் ஸ்பூனைச் செங்குத்தாக நிற்கவைத்துக் காட்டுவான்.

என் பெயர் நார்ப் சிபுல்ஸ்கி. ஃபர்னஸ் எஃப்.எம்.மில் எஞ்சினியராக இருந்தேன், அதை மூடும்வரை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற டோரீன்தான் என்னை அழைத்துவந்தாள். அவள் எங்கள் மதிய நேர அறிவிப்பாளர். உங்கள் அப்பா லாக்கவானாவில் பனி வாரும் வண்டி ஓட்டினார் என்றீர்களே, அப்படியானால் உங்கள் வீட்டுச் சமையலறையிலும் எங்கள் ராக் பாட்டுதான் அலறியிருக்கும், அவள் குரலைக் கேட்டாலே உங்களுக்கு அடையாளம் தெரியும். உருக்காலை மூடிய பிறகு இந்த ஊரில் சத்தம் என்று மிஞ்சியது நாங்கள்தான். அவளை எதுவும் கேட்காதீர்கள். நேற்றுவரை அவளுக்கு ஒன்றும் தெரியாது.

வருஷத்துக்கு ஒரு தடவை, ஈஸ்டர் நோன்புக் காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பழைய ஆட்கள் எல்லோரும் தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூடுவோம். பொரித்த மீன், உருளைக்கிழங்கு சாலட், பீர். விளம்பரம் பிடித்துக்கொண்டிருந்த கஸ் எழுந்து பனிப்புயல் கதையைத் தொடங்குவான். எல்லோருக்கும் மனப்பாடம், இருந்தாலும் அவன் சொன்னால்தான் கதை. பனி கதவு உயரத்துக்குக் கொட்டியபோது ரஸ்டி நிலையத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டான். மாற்று ஆள் வர வழியில்லை. எந்தப் பள்ளிக்கூடம் லீவு, எந்தத் தெருவில் யார் காரோடு புதைந்திருக்கிறார்கள், எந்தக் கிழவிக்கு மாத்திரை தீர்ந்துபோச்சு என்று நாள் கணக்கில் வாசித்துக்கொண்டே இருந்தான். நடுநடுவே பாட்டு.

"தூங்குடான்னா கேக்கமாட்டேங்கிறான்," என்பான் கஸ். "போன் பண்ணி, 'யோவ், செத்துகித்துத் தொலைஞ்சிடாதய்யா, திங்கக்கெழம உன்னால எனக்கு ரெண்டு விளம்பரம் வருது'ன்னேன். அதையும் அப்படியே மைக்ல சொல்லிட்டான் பாவி. கார் விக்கிறவர் கேட்டுட்டாரு. ஒண்ணுக்கு மூணா விளம்பரம் குடுத்தாரு."

கூடம் சிரித்து ஓயும். பிறகு யாராவது ரஸ்டி பெயரைச் சொல்லிக் கோப்பையைத் தூக்குவார்கள். நிலையத்தின் கடைசி வாரத்தில், கடைசி ஒலிபரப்பு சுத்தமாகப் போகவேண்டும் என்று டிரான்ஸ்மிட்டரைத் துடைக்கப் போய் ஷாக் அடித்துச் செத்தவன் ரஸ்டி. நிலையத்தோடு போனவன். டோரீன் அழுவாள். நான் கூடத்து மைக்கின் கரகரப்பைச் சரிசெய்து கொடுப்பேன்.

என்னைப் பற்றி அங்கே கதை எதுவும் கிடையாது. அதில் எனக்கு வருத்தமும் கிடையாது. ரேடியோவில் குரல் இருப்பவர்கள் ஒரு ஜாதி, நாங்கள் வேறு. ரஸ்டி வாயைத் திறந்தால் அது மைக்கில் விழுந்து, கம்பி வழியே ஓடி, தெற்கே குன்றின்மேல் இருக்கும் கோபுரத்தில் ஏறி, ஏரி தாண்டிக் கனடாவரை போகும். அந்த வழி முழுக்க என் கை. இருபது வருஷத்துக்கு மேல் அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் வழியாகத்தான் போனது. அவன் தொண்டை கட்டினால் அவன் பெண்டாட்டிக்கு முன்னால் எனக்குத் தெரியும்.

பெரிய முதலாளி செத்ததும் பிள்ளைகள் நிலையத்தை விற்றார்கள். வாங்கியது டெக்சஸில் இருக்கும் ஒரு கம்பெனி. ஊர் ஊராக நிலையங்களை வாங்கி, எல்லாவற்றையும் ஓர் இடத்திலிருந்து ஓட்டுகிறவர்கள். எங்கள் எல்லோருக்கும் வேலை போகும் என்பது தெரிந்த விஷயம்தான். எங்கள் தொழிலில் இன்னொரு வழக்கம் உண்டு, வெளி ஆட்களுக்கு அது தெரியாது. வேலையை விட்டு நிறுத்தப்படுகிறவனுக்கு மறுபடி மைக் கொடுக்கமாட்டார்கள். கோபத்தில் என்னத்தையாவது சொல்லிவிடுவானே. அதனால் நிகழ்ச்சி முடித்து வெளியே வரும்போது ஒரு அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்து, வாசல்வரை கூடவே வருவார்கள். தினமும் காலையில் ஒரு ஊரையே எழுப்பிவிட்டவன் போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் காணாமல் போவான். கேட்கிறவர்களுக்கு அவன் செத்தானா இருக்கிறானா என்றே தெரியாது.

டோரீனுக்கு அந்த நினைப்புதான் தூக்கத்தைக் கெடுத்தது. அவளுடைய அண்ணன் மருத்துவமனைப் படுக்கையில் அவள் குரலைக் கேட்டபடியே கண்ணை மூடியவர். அந்த வார்டு நர்ஸுகள் அதற்குப் பிறகும் அவளுக்குப் போன் பண்ணிப் பாட்டுக் கேட்பார்கள். "ஒரு நிமிஷம் போதும் நார்ப் எனக்கு," என்றாள். "பேர் சொல்லி நன்றி சொல்லிட்டுப் போயிடுறேன். வேற எதுவும் வேண்டாம்." என்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. ஆனாலும் சொன்னாள். என்னிடம் எல்லோரும் சொல்வார்கள்.

பிறகு ஒரு நாள் அந்தக் கம்பெனியின் எஞ்சினியர் எனக்குப் போன் செய்தார். நல்ல மனிதர். "இங்க உங்க ரஸ்டிக்கு ரூம் ரெடி பண்றோம். அவர் குரலுக்கு எந்த மைக் ஒத்துவரும்? நீங்க எது வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

நான் மைக்கின் பெயரைச் சொன்னேன். கொஞ்சம் தள்ளி வைக்கவேண்டும், சிரிக்கும்போது முன்னால் சாய்வான் என்றும் சொன்னேன். அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. ரஸ்டி கையெழுத்துப் போட்டுவிட்டான். டெக்சஸில் ஒரு அறையில் உட்கார்ந்து ஆறு ஊருக்குப் பேசப்போகிறான். ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்க்காரன் மாதிரி. பனியே விழாத இடத்தில் முட்டிக்கால் தெரியும் டவுசரோடு உட்கார்ந்து, "மக்களே, நம்ம தெருவுல பனி வழுக்குது, பாத்துப் போங்க" என்று பதிவு பண்ணி வைப்பான், கம்ப்யூட்டர் அதை ஒலிபரப்பும். மைக்கிலிருந்து கோபுரம்வரை எதிலும் நான் இல்லை. எங்களில் ஒருவரிடமும் அவன் வாய் திறக்கவில்லை. டோரீன் அவன் தோளில் சாய்ந்து அழுதபோதுகூடத் தட்டிக் கொடுத்தானே தவிரச் சொல்லவில்லை.

நீங்கள் சின்ன வயது. இது எவ்வளவு பெரிய துரோகம் என்று உங்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். அவனை இந்த ஊர் தன் வீட்டுப் பிள்ளையாக நினைத்தது. அந்த நினைப்பைக் காப்பாற்றவேண்டும் என்று எனக்குப் பட்டது. ஊருக்காக, நிலையத்துக்காக. அமைதியாகத்தான் யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஒலிபரப்பை நிறுத்திவிட்டு டிரான்ஸ்மிட்டரைச் சுத்தம் செய்வது எங்கள் முறை. முதலாளி உதவிக்கு ஆள் போட மறுத்த காலத்திலிருந்து ரஸ்டிதான் என்னோடு வருவான். டோனட் வாங்கி வருவான். என் கை முரட்டுக் கை, அவன் கை மெல்லிசு, உள்ளே இடுக்குகளில் நன்றாக நுழையும். டிரான்ஸ்மிட்டர் பெட்டியின் கதவைத் திறந்தால் மின்சாரம் தானாக நின்றுவிடும். ஆனால் நின்ற பிறகும் உள்ளே ஆளைக் கொல்லும் அளவுக்குத் தேங்கியிருக்கும். அது தானாக வடிவதற்கு ஒரு பாகம் உண்டு, அதை முழுசாக நம்பக்கூடாது. அதற்காகத்தான் கொக்கி. நீளமான கட்டை, நுனியில் உலோகக் கொக்கி, அதிலிருந்து மண்ணுக்குப் போகும் ஒயர். பின்பக்கம் நிற்பவன் அதை உள்ளே மாட்டினால் தேங்கியது முழுக்க மண்ணில் இறங்கிவிடும். முன்பக்கம் நிற்பவனுக்கு அது தெரியாது. அதனால் அவன் "கொக்கி?" என்று கேட்பான். பின்னால் நிற்பவன் "போட்டாச்சு" என்பான். அதற்குப் பிறகுதான் கை உள்ளே போகும்.

தானாக வடியவைக்கிற அந்தப் பாகம் எரிந்துபோயிருந்ததை நான் அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய புதன்கிழமையே பார்த்துவிட்டேன். மாற்றுப் பாகம் அலமாரியில் இருந்தது. மாற்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே மூடுபனி. ரஸ்டி டோனட் சாப்பிட்ட கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி முன்பக்கம் போய் நின்று, "கொக்கி?" என்றான்.

கொக்கி என் கையில் இருந்தது. "போட்டாச்சு," என்றேன்.

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளாக நான் சொன்னால் அது சரியாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். சத்தம் பெரிதாக எதுவும் வரவில்லை. அவன் விழுந்த பிறகு கொக்கியை மாட்டினேன், பாதி கழன்ற மாதிரி. பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வரும்வரை அவன் தலையை என் மடியில் வைத்திருந்தேன். அழுதேன். அது நடிப்பில்லை. விசாரிக்க வந்தவர்கள் கொக்கி வழுக்கியிருக்கிறது, பழைய மெஷின், விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். என் தோளைத் தட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

திங்கட்கிழமையே கம்பெனி ஆட்கள் வந்து நிலையத்தைப் பூட்டினார்கள். சாவு விழுந்த இடத்தில் யாரையும் மைக் முன்னால் விட அவர்கள் வக்கீல்கள் ஒப்புக்கொள்ளவில்லை. டோரீனுக்கு அட்டைப்பெட்டியை வாசலிலேயே கொடுத்துவிட்டார்கள். சவ ஊர்வலத்தில் பனி வாரும் வண்டிகள் மஞ்சள் விளக்கு சுழலத் தெரு நெடுக நின்றன. உங்கள் அப்பாவும் நின்றிருப்பார். அவரைப் போன்றவர்களுக்கு அவன் கடைசிவரை அவர்களுடைய ரஸ்டியாகவே இருந்தான். அதைக் கொடுத்தது நான்தானே என்று அப்போது நினைத்துக்கொண்டேன். வருஷா வருஷம் இவர்கள் கூடிச் சிரித்து அழுவதும் அதனால்தான். அவன் டெக்சஸுக்குப் போயிருந்தால் இவர்கள் அவன் பெயரைச் சொல்லிக் கோப்பையைத் தூக்கியிருப்பார்களா, நீங்களே சொல்லுங்கள்.

நேற்று அவன் மனைவி ஆர்லீன் வந்தாள். ரஸ்டி போனதும் ராச்செஸ்டரில் மகளோடு இருக்கப் போனவள், கூட்டத்துக்கு ஒரு வருஷமும் வந்ததில்லை. கஸ் பனிப்புயல் கதையை முடித்தான். டோரீன் வழக்கம்போல, கடைசியாக ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் போனதைச் சொல்லி மூக்கை உறிஞ்சினாள். ஆர்லீன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"உங்களுக்கெல்லாம் தெரியும்னுல்ல நெனச்சேன்," என்றாள். "அவருக்கு டெக்சஸ் போக இஷ்டமே இல்லம்மா. மாட்டேன்னு ரெண்டு தடவ சொல்லிட்டாரு. அப்புறம் அவங்ககிட்ட பேரம் பேசுனாரு. கடைசி வெள்ளிக்கிழமை முழுக்க எங்க ஆளுங்க ஒவ்வொருத்தரும் மைக்ல பேசணும், யாரும் குறுக்க வரக்கூடாது, அதுக்குச் சம்மதிச்சா நான் வரேன்னாரு. சம்மதிச்சுட்டாங்க. வெள்ளிக்கிழமை காலைல எல்லாரையும் திகைக்கவைக்கணும்னு யார்கிட்டயும் மூச்சுவிடாம இருந்தாரு. டோரீனுக்குத்தான் ரொம்ப நேரம் குடுக்கணும்னாரு."

டோரீன் எழுந்து வெளியே போய்விட்டாள். கோட்டைக்கூட எடுக்கவில்லை. நான் அதை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கார் நிறுத்துமிடத்தில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வயசானவள், குளிரில் உடம்பு உதறியது. எனக்கு அவளைப் பார்க்கவே தாங்கவில்லை. கோட்டைப் போர்த்திவிட்டு, உங்களிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். போனில் கேட்ட கேள்வி, புதன்கிழமை, கொக்கி, எல்லாம்.

பிறகு, இதை நம்பமாட்டீர்கள், என் கன்னத்தைத் தொட்டாள்.

"ஐயோ நார்ப். நீ தெரியாம பண்ணிட்டடா. அவன் நம்மள வித்துட்டான்னு நெனச்சுட்ட. அவன் ஒரு வார்த்த உன்கிட்ட சொல்லியிருந்தா நீ இப்படிப் பண்ணியிருக்கமாட்டியே. சொல்லு, பண்ணியிருக்கமாட்டதானே."

அவளுக்கு அந்தப் பதில் தேவைப்பட்டது. சும்மா தலையை ஆட்டியிருந்தால் இன்று நாம் இங்கே உட்கார்ந்திருக்கமாட்டோம். ஆனால் டோரீனிடம் நான் பொய் சொன்னதில்லை.

ரஸ்டி என்னிடம் சொல்லியிருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை, டோனட் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னான். "மத்தவங்களுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் தெரிய வேண்டாம். ஆனா உன்கிட்ட சொல்லாம இருக்க முடியல. மொதல்ல நீதான் பேசணும் நார்ப். இத்தன வருஷமா என்னைய ஊர் பூரா கேக்கவச்சிருக்க, உன் குரல ஒருத்தரும் கேட்டதில்ல. வெக்கப்படாத, நான் பக்கத்துலயே நிக்கிறேன்." அப்புறம் அடுத்த வாரம் அங்கே வீடு பார்க்கப் போவதாகச் சொன்னான். அந்த அறையில் எல்லாம் புதுசாம், ரொம்ப நன்றாக இருக்கிறதாம். பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியின் முன்னால் போய் நின்றான்.

இந்த வாக்குமூலத்தில் கையெழுத்து எங்கே போடவேண்டும்? ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவன் குரல் என் கோபுரத்தைத் தவிர வேறு எதிலும் போகவில்லை. அத்தனை வருஷப் பழக்கத்தில் நான் அவனை ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை.