ஐறீன் அக்காவைக் கொன்றது புத்தகமல்ல

மேடையில் வீற்றிருக்கும் பொன்மலர் சனசமூக நிலையத்தின் தலைவர் புஷ்பராஜ் ஐயா அவர்களே, நிர்வாகசபைப் பெரியவர்களே, முன்வரிசையில் இருக்கும் மெல்ரோய் அண்ணா, கொட்டாஞ்சேனையின் அம்மாமாரே, அப்பாமாரே, இவன் என்ன செய்யப்போகிறானோ என்று பின்வரிசையில் இப்போதே சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கும் என் கூட்டாளிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் திலக்ஷன். உயர்தரம் படிக்கிறேன். மாணவர் சார்பில் பேச வந்திருக்கிறேன். "பகிடி விடாமல் பேசு" என்ற நிபந்தனையோடுதான் மைக் தந்தார்கள். முயற்சி செய்கிறேன்.

இந்த நிலையத்து வாசிகசாலையின் பொறுப்பாளர், மெல்ரோய் அண்ணாவின் தங்கை, ஐறீன் ஸ்ரனிஸ்லாஸ் அக்கா முப்பத்தொரு வயதில் எங்களை விட்டுப் போய்விட்டார். யார் இந்த ஐறீன் அக்கா? லண்டனில் நூலகவியல் படித்துத் தங்கப் பதக்கம் வாங்கியவர்! அங்கே கிடைத்த வேலையை வேண்டாம் என்று உதறிவிட்டு எங்களுக்காகக் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி வந்தவர்!

தலையாட்டுகிறீர்கள். "ஐயோ, பாவம்" என்று ஒரு ஆன்ட்டி கண்ணையும் துடைக்கிறார்.

மன்னிக்க வேண்டும். நான் சொன்னது பொய். சுத்தப் பொய். அக்கா லண்டனை வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் கிளார்க் வேலை செய்துகொண்டு, மாலை வகுப்புக்குப் போய் நூலக டிப்ளோமா எடுத்தவர். இவ்வளவு பெரிய சபையில் "என்னடா கதை இது?" என்று நிமிர்ந்து பார்த்தது மெல்ரோய் அண்ணா ஒருவர்தான்.

"தம்பி, செத்த வீட்டுக் கூட்டத்தில் என்ன விளையாட்டு?" என்று அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்கிறது. விளையாட்டில்லை அங்கிள். இது அக்கா எனக்குத் தந்த உத்தியோகம்.

பள்ளிக்கூடத்தில் நான் செய்கிற திருகுதாளம் எல்லாம் அவரது காதுக்கு எட்டியிருந்தது. ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்: "டேய் தம்பி, உனக்குப் பொய் நல்ல வடிவா வருது. சும்மா வீணாக்காதை. சம்பளமில்லாத வேலை ஒண்டு தாறன், செய்யிறியா?" அன்றிலிருந்து நான் வாசிகசாலையின் அங்கீகரிக்கப்பட்ட பொய்யன். ஒவ்வொரு சனிக்கிழமையும் பலகையில் உண்மைகளுக்கு நடுவே ஒரு பொய்யை எழுதி வைப்பேன். மத்தியானத்துக்குள் மற்றப் பிள்ளைகள் அதைப் பிடிக்க வேண்டும். புத்தகத்தில் பார்க்கலாம், பொது நூலகத்துக்கு ஓடலாம், பழைய பத்திரிகையைப் புரட்டலாம், இணையத்தில் தேடலாம், விஷயம் தெரிந்த ஆளிடம் போய்க் கேட்கலாம். ஆனால் ஒரு சாட்சி போதாது. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாத இரண்டு சாட்சி வேண்டும்.

என் வகுப்பு ஹம்சிகா ஒருமுறை மூன்று இணையதளங்களை எடுத்துக்கொண்டு வந்து பெருமையாக நின்றாள். மூன்றிலும் அதே வசனம், அதே இடத்தில் அதே பிழை. அக்கா பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது மூண்டு சாட்சி இல்லைப் பிள்ளை. ஒரே ஆள் மூண்டு சட்டை மாத்திக்கொண்டு வந்திருக்கிறார்."

இதெல்லாம் சோறு போடுமா என்று கேட்பீர்கள். எங்கள் சாதாரணதரச் சோதனைக்கு முதல் நாள் ஒரு கடிதம் வட்ஸ்அப்பில் வந்தது, ஞாபகமா? வெள்ளம் காரணமாகச் சோதனை பிற்போடப்பட்டதாம். முத்திரை, கையெழுத்து, தொலைபேசி இலக்கம், எல்லாம் இருந்தது. நாங்கள் துள்ளிக் குதித்தோம். என் கூட்டாளி மஷூர் அந்த இலக்கத்துக்கே அழைப்பெடுத்து உறுதிப்படுத்தப் போனான். அக்கா போனைப் பறித்தார். "கடிதத்தில இருக்கிற நம்பருக்கு எடுத்தா, கடிதம் எழுதினவன்தானே தூக்குவான்! பரீட்சைத் திணைக்களத்தின்ர நம்பரை வேற இடத்தில தேடி எடு." அனுமதி அட்டையில் அச்சடித்திருந்த இலக்கத்துக்கு மஷூர் எடுத்து, சிங்களத்தில் குழைந்து குழைந்து கேட்டான். அங்கேயிருந்த ஐயா சிரித்துக்கொண்டு, "நே மல்லி, ஹெட்ட எண்ட" என்றார். இல்லைத் தம்பி, நாளைக்கு வாங்கோ! போனோம், எழுதினோம். கடிதத்தை நம்பி வீட்டில் தூங்கிய பிள்ளைகள் ஒரு வருடத்தை இழந்தார்கள்.

அப்படிப்பட்ட அக்காவின் சாவைப் பற்றியே இன்று ஒரு பொய் ஊரெல்லாம் சுற்றுகிறது! "பழைய புத்தகங்களில் இருந்த பூஞ்சணம் நுரையீரலுக்குள் போய் வாசிகசாலைப் பொறுப்பாளர் மரணம். பிள்ளைகளை அனுப்பாதீர்கள். பத்துப் பேருக்கு அனுப்புங்கள்." என் அம்மாவுக்கு இது வெள்ளவத்தைப் பெரியம்மாவிடமிருந்து வந்தது, ஹெந்தளை மாமியிடமிருந்தும் வந்தது. "ரெண்டு பேர் சொல்லீனமே" என்றார் அம்மா. அம்மா, அது இரண்டு சட்டை.

போன சனிக்கிழமை வாசிகசாலை வெறிச்சோடிக் கிடந்தது. அதைக் காரணம் காட்டி, புத்தகங்களை அகற்றிவிட்டு அறையை நிர்வாகசபை வாடகைக்கு விடப்போகிறதாம். நாளை காலை பழைய பேப்பர் லொறி வருகிறதாம். ஐயா, இது உண்மையா? மேடையில் யாரும் மறுக்கவில்லை. அப்படியென்றால் நான் தொடர்கிறேன்.

நாங்கள் அக்கா சொல்லித்தந்த மாதிரியே தேடினோம். அக்காவுக்கு வந்தது டெங்கு. மெல்ரோய் அண்ணா ஆஸ்பத்திரி அறிக்கையைக் காட்டினார். அது ஒரு சாட்சி. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் டெங்கு என்றுதான் சொன்னார். ஹம்சிகா விடவில்லை. "அவருக்கு ஆஸ்பத்திரிதான் அறிவிச்சது, அது அதே சட்டை" என்றாள். பிறகு, வார்ட்டுக்குப் போவதற்கு முன்பே வெளியில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையை அண்ணா தேடித் தந்தார். அதிலும் டெங்கு. இரண்டு சாட்சி! பூஞ்சணத்துக்கு எத்தனை சாட்சி? ஒன்றையாவது காட்டுங்கள் பார்ப்போம்!

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பரிசோதகர் தன் கண்ணால் கண்டதைச் சொன்னார். இந்தக் கட்டடத்தின் பின்னால், கல்யாணங்களுக்கு நிலையம் வாடகைக்கு விடுகிற பெரிய சமையல் கிடாரங்களில் மழைத்தண்ணீர் நிறைந்திருந்தது. தண்ணீர் முழுக்க நுளம்புக் குடம்பி, நெளிகிற கொசுப்புழுக்கள். நாங்களும் போய்ப் பார்த்தோம், படம் எடுத்தோம்.

அந்த நுளம்புதான் அக்காவைக் கடித்தது என்று சொல்ல என் நாக்கு துடிக்கிறது. சொல்லமாட்டேன். அதற்கு என்னிடம் சாட்சி இல்லை. அந்தப் பூஞ்சணக் கதையை முதலில் எழுதியது யார் என்றும் எனக்குத் தெரியாது. ஊகத்தைச் செய்தியாக்கினால், நான் அக்காவின் பிள்ளை இல்லை. ஆனால் இதைச் சொல்வேன்: குடம்பி இருந்தது கிடாரத்தில், லொறி வருவது புத்தகத்துக்கு! இது என்ன நியாயம்?

மட்டக்குளித் தொடர்மாடியில் ஒரே அறையில் ஆறு பேர் இருக்கிற பிள்ளைக்கு இந்த வாசிகசாலை மேசையை விட்டால் எந்த மேசை? நல்ல போன் இல்லாத பிள்ளை எங்கே போய்த் தேடும்? அதற்கும் யாரோ பத்துப் பேருக்கு அனுப்பியதுதான் பாடப்புத்தகமா?

அக்காவிடம் இருந்த வாசிகசாலைச் சாவி இப்போது மெல்ரோய் அண்ணாவிடம் இருக்கிறது. இன்று காலை அவர் சொன்னார், "அவள் இருந்தாத் திறந்துதான் வச்சிருப்பாள், நீங்களும் திறவுங்கோ" என்று. திறப்போம். நாளை விடிய நாங்கள் கிடாரங்களைக் கவிழ்த்துக் கழுவுவோம். பிறகு வாசிகசாலை வாசலில் வரிசையாக உட்கார்ந்து படிப்போம். லொறிக்காரர் எங்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அடுத்த சனிக்கிழமையும் பலகையில் என் பொய் இருக்கும். பயப்படும் பெற்றோரே, பிள்ளையோடு நீங்களும் வாருங்கள், புத்தகங்களை உங்கள் கையால் புரட்டிப் பாருங்கள்.

வழமையாக இந்த இடத்தில் எல்லோரும் எழுந்து மௌனமாக நிற்போம். நிற்போம், தயவுசெய்து எழும்புங்கள். ஆனால் மௌனத்தை அக்காவுக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது, கேள்வி கேட்காத பிள்ளையைக் கண்டால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். ஆகவே ஒரு கேள்வியோடு நிற்போம். புஷ்பராஜ் ஐயா, இந்த மைக் இப்போது உங்களுக்கு. நாளைக்கு அந்த லொறி வருமா, வராதா?

ஐயா பதில் சொல்லும்வரை நாங்கள் உட்காரமாட்டோம்.