ஒரு லிட்டர் தண்ணீரும் ஓர் ஈரச் சட்டையும்

தாமதமாக வந்த என்னையும் தட்டிக்கொடுத்து மேடையேற்றிய குழந்தை நலக் கூட்டத் தலைவர் சாந்தம்மா அவர்களே, முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் பெரியோர்களே, மடியில் மழலையும் மனதில் மலையளவு வேலையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, சுண்டல் எப்போது வருமென்று பின்வரிசையில் கழுத்தை நீட்டிக் காத்திருக்கும் என் போன்ற தந்தைமார்களே, போச்சம்பள்ளித் தொழிற்பேட்டைத் தொழிலாளி மாதேஷின் பணிவான வணக்கம்.

கம்பெனி வாசலில் பஸ் கேட்டுப் பேசினேன். கேன்டீன் சாம்பாரில் காய் கேட்டுப் பேசினேன். ஒரே ஒரு நாள், ஒரு குழந்தை ஒன்றுக்குப் போக வேண்டுமென்று கெஞ்சிப் பேசினேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன தை மாதம். மனைவி ரூபா காலை ஷிப்டுக்குப் போய்விட்டாள். வீட்டில் நானும் பதினோரு மாத மகள் சுசித்ராவும். ஏழு மணிக்கு வாந்தி. எட்டு மணிக்கு ஒன்றுக்குப் போனாள். பிறகு வயிற்றால் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. துணி தீர்ந்து என் வேட்டியைக் கிழித்தேன்.

பக்கத்து வீட்டு கெம்பம்மா வந்தார். "நீரு கொடபேடப்பா. தண்ணியே குடுக்காத. ஊத்த ஊத்ததான போவுது? நிறுத்திப் பாரு."

நிறுத்தினேன். நாக்கு வறண்டது. அழுதாள், கண்ணீர் வரவில்லை. கெம்பம்மாவே பயந்து செவிலியரைக் கூட்டிவர ஓடினார். நானோ உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் ஒன்றைப் பிரித்து, முழுவதையும் ஒரே டம்ளரில் கலக்கினேன். ஊட்டப் போகையில் செவிலியர் சௌமியா வந்து நின்றார்.

"அண்ணா, இது குழந்தைக்கா, ஊறுகாய்க்கா?"

"ஸ்ட்ராங்கா இருக்கட்டுமேன்னுதான் மேடம்."

"ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணி. கெட்டியா குடுத்தா உப்பு ஏறி இன்னும் ஆபத்துங்க."

"அப்ப ஆன்டிபயாடிக் ஏதாச்சும் குடுங்க."

"இது வைரஸ்ணா, அதுக்கெல்லாம் அடங்காது. தானா அடங்கற வரைக்கும் போற தண்ணிய நாம திருப்பிக் குடுக்கணும். நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு, மறுபடி மெதுவா. தாய்ப்பால், கஞ்சி எதையும் நிறுத்தாதீங்க. துவண்டு போனா, குடிக்க மாட்டேன்னா, ரத்தம் போனா உடனே ஆஸ்பத்திரி. காலைல எட்டுக்குப் போனவ, மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள மறுபடி ஒண்ணுக்குப் போகலன்னாலும் ஆஸ்பத்திரிதான்."

மைக்கைப் பிடித்து மணிக்கணக்கில் முழங்கியவன், ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு மௌனமாக உட்கார்ந்தேன். பத்தாவது ஸ்பூனைத் துப்பினாள். இருபதாவதைத் தட்டிவிட்டாள். 'செல்வமே, சிந்து, ஒரு சிறு துளியேனும் சிந்து' என்று அடுக்குமொழியில் வேண்டினேன். கொட்டாவி விட்டாள்.

தகவல் சொல்லியிருந்தேன்; ஒன்றரை மணிக்கு ரூபா கேன்டீனிலிருந்து போன் செய்தாள். "ஒண்ணுக்குப் போயிட்டாளா?"

"இன்னும் இல்ல."

"ஆட்டோவுக்குச் சொல்லுங்க" என்றாள்.

ஒன்றே முக்காலுக்கு எங்கள் தெரு ஆட்டோக்காரர் இலியாஸ், ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவைக் கொண்டுவந்தார். தெருமுனை தாண்டவில்லை. மடியில் ஒரு சூடு. சட்டையில் ஒரு சூடு. சீட்டில் ஓர் ஓடை.

"பாய், சீட்டு நனையுதுங்க."

"நனையட்டும்பா. குழந்தைய அசைக்காத. போகட்டும், நல்லா போகட்டும்."

சட்டையை மாற்றினேனா என்றா கேட்கிறீர்கள், அம்மா? மாற்றவில்லை. ஆட்டோவைத் திருப்பச் சொல்லி, குழந்தையும் கையுமாக அப்படியே கம்பெனி பஸ் நிற்குமிடத்துக்குப் போனேன். ரூபா இறங்கினாள். சட்டையைத் தொட்டாள். முகர்ந்தாள். அந்த ஈரத்திலேயே முகம் புதைத்து அழுதாள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அழுதேன்.

சௌமியா மறுபடி வந்து பார்த்து, வீட்டிலேயே தொடரச் சொன்னார். பேதி நிற்க ஐந்து நாளானது. நின்றதும் அவர் கொடுத்த துத்தநாக மாத்திரையை நிறுத்தப் பார்த்தேன். "பதினாலு நாளும் குடுக்கணும்ணா" என்று விரட்டிக் கொடுக்க வைத்தார்.

தந்தைமார்களே, கேட்கிறேன். நட்டு முடுக்கும் கை, ஸ்டியரிங் பிடிக்கும் கை, கார்டு தேய்க்கும் கை, ஒரு ஸ்பூனைப் பிடிக்காதா? கம்பெனிக்கு எட்டு மணி நேரப் பொறுமையைக் கொடுக்கிறோமே, பெற்ற பிள்ளைக்கு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் கொடுக்க மாட்டோமா?

சௌமியாவுக்கும், அவரை ஓடிப்போய் அழைத்து வந்த கெம்பம்மாவுக்கும், பொறுத்திருந்து கேட்ட உங்களுக்கும் நன்றி. இன்னும் பேசலாம். ஆனால் சுசித்ரா மேடைக்குக் கீழே மைக் வயரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறாள். பிடுங்குவதற்குள் சொல்லிவிடுகிறேன், வணக்கம்.