மலைக்கிளி ஏறி வந்த லெவல்

— மலைக்கிளி, இன்னிக்காவது மைக்ல பேசு. இத்தினி நாளா இந்த பேர்ல எங்கூட சேந்து கேம் ஆடற, யாருன்னே தெரியல. இது கடைசி லெவல், பேசாம இந்த பாஸ் அரக்கன சாய்க்க முடியாது.

— பேசறேங்க.

— பொம்பளயா?

— உங்க பொண்டாட்டிங்க. தனம்.

— நீயா?

— கட் பண்ணாதீங்க. பாதியில வெளிய போனா மறுபடியும் முதல்லருந்து ஏறணும். உங்க உயிர ஏத்தி விடறதும் இந்த மலைக்கிளிதான்.

— ஃபோன்ல பேரு தேடத் தெரியாதவ, ஹார்டு லெவல் முடிச்சியா?

— என்னா பண்றது? என் நம்பர பிளாக் பண்ணிட்டீங்க. எந்நேரமும் இந்த கேம்லதான் கெடக்கறாருன்னு உங்க தம்பி சொன்னாரு. ஹார்டு முடிச்சாதான் டீம்ல சேத்துப்பீங்களாமே. ஈஸி, நார்மல், ஹார்டுனு ஒவ்வொண்ணா ஏறி வந்தது. அந்த மூணு தல பாஸ்கிட்ட செத்துச் செத்து எழுந்தது.

— சரி, ஹீல் போடு. எனக்கு உயிர் கம்மியாவுது.

— ஒண்ணு சொல்லுங்க, போடலாம். செங்கம் ரோட்டுல ரூம் எடுத்துக்கினு இருக்கறீங்க. நம்ம ஊரு அடி அண்ணாமலை என்னா அவ்ளோ தூரமா? போன பௌர்ணமிக்கு நம்ம டீக்கடைய தாண்டித்தான் கிரிவலம் போனீங்க, துண்டால மூஞ்ச மூடிக்கினு. நம்ம பொண்ணு கீதாஞ்சலி வாசல்லதான் ஒக்காந்திருந்தா. ஏன் நிக்கல?

— இப்ப அதுக்கா நேரம்? சிவப்புக்கு வந்துடுச்சு தனம், ஹீல் போடு.

— சொல்லுங்க.

— நின்னா? அந்த ஊனக் கால இழுத்துக்கினு அப்பான்னு வருவா. எங்கூட நாலு பேரு வந்தாங்க. இதான் எம் பொண்ணுன்னு காட்டவா?

— அவளுக்கு எட்டு வயசுங்க.

— எட்டு வருசமா எனக்கு மானம் போச்சு. இது பொழைக்க வேணாம்னு ஆஸ்பத்திரியிலயே சொன்னேன், நீதான் கேக்கல. எனக்கு பொண்ணே கெடையாது. கேட்டுட்ட இல்ல? இப்ப போடு.

— போதுங்க. இத உங்க வாயால சொல்ல வைக்கத்தான் வந்தேன். அப்பாவுக்கு வேலை ஜாஸ்தி, அதான் வரலன்னு சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். நீ வேணாம்னுதான் போனாருடின்னு சொன்னா நம்ப மாட்டேங்கறா.

— யாரு?

— எனக்கு இந்த கேம்ல ஒரு பட்டனும் தெரியாது. பேசினது மட்டுந்தான் நானு. மலைக்கிளி என் மடியில ஒக்காந்துக்கினு இருக்குது. ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கு. உங்களுக்கு ஹீல் போட்டுடுவாளோன்னு அவ கைய புடிச்சு வெச்சிருக்கறேன்.

— தனம்...

— கேட்டியாடி கீது? இனிமே அப்பா எப்ப வரும்னு என்ன கேக்காத. ஃபோன வெச்சுட்டு வா, சாப்பிடலாம்.

— கைய விடும்மா. அப்பா, ஹீல் போட்டுட்டேன், பாஸ் திரும்பறதுக்குள்ள அடிங்க.