ஏரிக்குப் போட்ட மருந்து

விரால் குழம்புக்குப் புளியைக் கம்மியாகத்தான் ஊற்ற வேண்டும். கூடினால் மீனின் ருசி செத்துப்போகும். இது தெரியாமலே பாதிப் பேர் சமைக்கிறார்கள். எங்கள் தெருப் பொன்னியம்மாவுக்குத் தெரியும். அவள் கைப்பக்குவம் அப்படி.

இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு மதுரைவீரன் எழுதிக்கொள்வது. நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தவன். ஏட்டய்யா ஒரு தாளை நீட்டிக் கைநாட்டு வை என்றார். நான் சொன்னது நாலு வரி, அவர் எழுதி வைத்திருந்தது நாலு பக்கம். அடுத்தவன் எழுத்தை நான் நம்புவதில்லை. அதனால் தாளை வாங்கி நானே எழுதுகிறேன்.

பட்டாபிராமுக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஏரிக்கு முப்பது வருஷமாக நான்தான் காவல். மடையைத் திறப்பது, மூடுவது, எந்த நாளில் வலை இறக்கலாம், எந்த மீனைத் தொடக்கூடாது, எல்லாம் நான் சொல்வதுதான். ஊருக்கே நான் நைனா, என்னைக் கேட்காமல் யாரும் தண்ணீரில் கால் வைத்ததில்லை. கல்யாணத்துக்கு மீன் வேண்டுமென்றாலும் என் வாசலில் வந்துதான் நிற்பார்கள். அதில் எனக்குக் கர்வம் இருந்தது என்று சொல்கிறார்கள். இருந்திருக்கலாம்.

அறுபத்தைந்தாம் வருஷத்துக்கு அப்புறம் ஏரிக்கு மேற்கே பட்டறைகள் வந்தன. அவர்கள் கழுவி விடுகிற எண்ணெய்த் தண்ணீர் ஓடை வழியாக உள்ளே வந்தது. முதலில் இறால் போயிற்று. அப்புறம் கெண்டை கூட்டம் கூட்டமாக வெள்ளையாய் மிதந்தது. மீந்த மீனிலும் மண்ணெண்ணெய் வாடை. வலைக்காரர்கள் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுப் பாடி கம்பெனிகளுக்கு வேலைக்குப் போனார்கள். மீந்ததில் விரால்தான் நன்றாகத் தாங்கியது. அது மேலே வந்து மூச்சு வாங்குகிற சாதி. மடையடிப் பள்ளத்தில் ஒரு ஜோடி இருந்தது. என் முழங்கை நீளம்.

எழுபத்திரண்டு மாசியில் மீன் ஆபீஸர் பார்த்தசாரதி சைக்கிளில் வந்தார். நல்ல மனுஷன், அதை முதலில் எழுதிவிடுகிறேன். பட்டறைக்காரர்களோடு வாதாடி ஓடையைத் திருப்ப வைத்தவர் அவர்தான். கோடையில் தண்ணீர் பள்ளத்துக்குள் ஒடுங்கும்போது இலுப்பைப் புண்ணாக்கை ஊறவைத்துத் தெளித்தால் இருக்கிற மீனெல்லாம் செத்து மிதக்கும், மழைக்கு முன்னால் அந்த விஷம் முறிந்து தண்ணீருக்கே உரமாகும், அப்புறம் கட்லா மீன்குஞ்சு விட்டால் இரண்டு வருஷத்தில் ஏரி பழையபடி ஆகும் என்றார்.

"வெரால இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"அதுவும் போகணும் பெரியவரே. விரால் இருக்கிற தண்ணியில குஞ்சு விட்டா அது விராலுக்குப் போட்ட பந்தி."

பொன்னியம்மாவின் புருஷன் உலகநாதன் பக்கத்தில் நின்றான். பாடியில் கடைசல் வேலை செய்கிறவன். புதிதாக வரப்போகிற மீனவர் சங்கத்துக்கு அவன்தான் தலைவர் என்று பேச்சு.

"நைனா வெராலுக்குத்தான் காவலு, நமக்கு இல்ல," என்று சிரித்தான். "வுடு நைனா. இனிமே உன்ன யாரு கேக்கப் போறா? அதான் ஆபீஸரு கீறாரே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சித்திரையில் தமுக்கு அடித்தார்கள். நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். "ஏரிக்கு மருந்து போடறாங்கோ. மெதக்கற மீன எடுத்துக்கலாம், துன்னா ஒண்ணும் ஆவாது." புண்ணாக்கு என்று சொல்லவில்லை. மருந்து என்றுதான் சொன்னார்கள். பட்டாபிராம் பக்கத்தில் நெல்லுக்கு அடிக்கிறார்களே, தகர டப்பாவில் வரும், அதற்கும் எங்கள் ஜனம் மருந்து என்றுதான் சொல்லும். யோசித்துப் பார்த்தால் நான் ஒன்றையும் மாற்றவில்லை. மருந்து போடப்போகிறோம் என்றார்கள். மருந்து போடப்பட்டது.

புண்ணாக்கு ஊறுகிற பீப்பாய்களுக்கு என்னையே காவல் வைத்தார் ஆபீஸர். "பெரியவர் இருந்தா எனக்குக் கவலையில்லை," என்று என் தோளைத் தட்டினார். விடிந்ததும் ஆபீஸரும் அவர் ஆட்களும் டீ குடிக்கப் போனார்கள். அதற்கு முன்னாலேயே நான் விரால் ஜோடியைப் பிடித்து, ஈரச்சாக்கில் சுற்றி, என் வீட்டுக் கிணற்றில் விட்டிருந்தேன். அவர்கள் போனதும், நான் வாங்கி வைத்திருந்த நெல் மருந்து டப்பாவைத் திறந்து பீப்பாய்களில் ஊற்றினேன்.  வாடை வந்தது. ஆனால் ஏழு வருஷமாக எங்கள் ஏரியில் அதே வாடைதானே. தெளிக்கும்போது யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை.

மீன் மிதந்தது. ஜனம் கூடை, அண்டா, சேலைத் தலைப்பு என்று வாரியது. ஜனம் தயங்கக்கூடாது என்று ஆபீஸர் அங்கேயே ஒரு மீனைச் சுட்டு, எல்லோரும் பார்க்க ஒரு துண்டு தின்றார்.

பொன்னியம்மா மட்டும் கூடையோடு என்னிடம் வந்தாள்.

"நைனா, இத்த துன்லாமா? அவுரு சொல்றாரு, இவுரு சொல்றாரு. எனக்கு நீ சொல்லணும். நீ சொன்னாத்தான் ஊட்டுக்கு எடுத்துகினு போவேன்."

அந்த வருஷத்தில் என்னை ஒருத்தர் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு மனசு குளிர்ந்தது. பொய் எழுதக்கூடாது.

"மருந்து போட்ட மீனுக்கு இன்னா கொறச்சல்? எடுத்துகினு போ," என்றேன்.

"புளி கம்மியா ஊத்தணும், அதான? எனக்குத் தெரியும் போ," என்று சிரித்துக்கொண்டே போனாள்.

மத்தியானம் அவள் மகள் பேபி ஒரு கிண்ணத்தில் எனக்குக் குழம்பு கொண்டுவந்தாள். ஏழு வயசு. மீன் தின்றால் உடம்பெல்லாம் தடித்துவிடும் என்று அவளுக்கு மட்டும் மோர்ச்சோறு.

"அம்மா இன்னும் துன்னல. நைனா துன்னுட்டுச் சொல்லட்டும், அப்புறமாத்தான் துன்னுவாங்களாம்," என்றாள்.

குழம்பைச் செம்பருத்தி வேரில் கொட்டினேன். கிண்ணத்தைக் கழுவினேன். வெறும் கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது. முருங்கைக்கீரை ஒரு கை உருவிப் போட்டு, "நல்லா கீதுன்னு சொல்லு," என்று அனுப்பினேன். பிள்ளை குதித்துக்கொண்டு ஓடியது.

ஏழு பேர். பொன்னியம்மா, உலகநாதன், மற்ற ஐந்து பேரின் பெயர்கள் உங்களிடம் இருக்கின்றன. ஆபீஸர் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். வேலை போயிற்று. கேஸும் அவர் பேரில்தான் நடக்கிறது. அவர் வீட்டுக் கண்ணாடியை உடைத்தார்களாம். பேபியைத் திருவள்ளூருக்கு யாரோ சொந்தக்காரர் கூட்டிப் போனதாகச் சொன்னார்கள். நான் விசாரிக்கவில்லை.

இரண்டு நாள் வயிறு போகும், ஜனம் ஆபீஸரைத் துரத்திவிடும், அவ்வளவுதான் நினைத்தேன் என்று ஏட்டய்யாவிடம் சொன்னேன். அது பொய். டப்பாவை வாங்கின இடத்தில், அந்த மாதிரி டப்பாவைக் கழுவின தண்ணீரில் ஒரு கன்றுக்குட்டி வாய் வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். நான் ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் அது அடங்கிவிட்டது. தெரிந்துதான் ஊற்றினேன். தெரிந்துதான் கீரை போட்டு அனுப்பினேன். ஏரி எங்கள் ஏரி. அதைக் காப்பாற்ற அன்றைக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.

இத்தனை மாசம் பேசாமல் இருந்துவிட்டு ஐப்பசியில் ஏன் வந்தாய் என்று நீங்கள் கேட்டீர்கள். ஆபீஸருக்காக என்று ஏட்டய்யா எழுதியிருக்கிறார். அதை அடித்துவிடுங்கள். விஷயம் இதுதான். மழை நன்றாகப் பெய்து ஏரி இரண்டு தடவை நிரம்பிக் கலங்கல் தாண்டி வழிந்து ஓடிவிட்டது. ஏரியில் வலைக்கூண்டு இறக்கி மீன்குஞ்சு விட்டுப் பார்த்தார்களாம், பத்து நாளாக உயிரோடு இருக்கிறதாம். தண்ணீர் தேறிவிட்டது. ஆனால் கரையில் போலீஸ் நிற்கிறது, என்னைக் கிட்டே விடுவதில்லை.

என் கிணற்றில் அந்த ஜோடி போன வாரம் குஞ்சு பொரித்திருக்கிறது. சிவப்பாக, குங்குமத்தைத் தண்ணீரில் தட்டிவிட்ட மாதிரி, ஆயிரத்துக்கு மேல் இருக்கும். கீழே இரண்டும் நகராமல் காவல் நிற்கின்றன. கிணறு சின்னது. இடம் பத்தாவிட்டால் பெற்றதே குஞ்சைத் தின்ன ஆரம்பித்துவிடும். இன்னும் நாள் தள்ளக்கூடாது.

என்னை எங்கே வேண்டுமானாலும் அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஆள் விட்டு அவற்றை ஏரியில் சேருங்கள். விடிகாலையில், மடையடிப் பள்ளத்தில், ஈரச்சாக்கில் சுற்றி. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சுலபமாக இருக்கிறதே என்று குஞ்சை மட்டும் அள்ளிப் போய்விடாதீர்கள். தாயும் தகப்பனும் கூடவே போக வேண்டும். பெற்றவர்கள் இல்லாமல் அந்தப் பச்சைக் குஞ்சு எப்படிப் பிழைக்கும்? அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.