ஒரு ஃபிளாஸ்க் இஞ்சி சர்பத்

விமானம் ஓட்டுகிறவன் இருமல் மருந்து குடிக்கக்கூட யோசிக்க வேண்டும், ஐயா. பணிக்கு முன் கருவியில் ஊதச் சொல்வார்கள். மதுவின் சுவடு தெரிந்தால் விமானத்தில் ஏற விடமாட்டார்கள். ஆகவே பயணிகளுக்கு என்னால் எந்த ஆபத்தும் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆபித்தும் நானும் ஒரே ஆண்டில் பறக்கக் கற்றவர்கள். அவன் திருமலைராயன்பட்டினம், நான் மண்டபத்தூர். விமானிகள் சங்கத்தில் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டோம். எங்கள் ஓய்வு நேரத்தைக் கம்பெனி குறைத்தபோது சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. திருச்சி விமான நிலைய வாசலில் பதாகை பிடித்து அவனும் நின்றான். நான்கு நாள் நின்றான். ஐந்தாம் நாள் சீருடையோடு வந்தான்.

"உம்ரா யாத்திரை போறவங்க ரெண்டு நாளா உள்ள தரையில படுத்துக் கிடக்காங்கடா, அருள்ராஜ். வயசானவங்க. கோவிச்சுக்காத."

கோபித்துக்கொள்ளவில்லை. துரோகி என்று கத்தினேன், அவ்வளவுதான். போய்த் திரும்பி வந்தவன் வாசலில் காரை நிறுத்தி எங்கள் எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தான். கத்திய வாய்களெல்லாம் வாங்கித் தின்றன. சங்கத் தலைவர் இரண்டு எடுத்துக்கொண்டார். அவனோடு எல்லோரும் சிரித்துப் பேசினால், வெயிலில் நின்ற நான் யார்? எனக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்த பயணத்துக்கு அவனை அழைத்துப்போகக் கம்பெனி கார் ஊருக்கு வந்தது. அன்று காலை கோட்டுச்சேரியில் ஒரு பாட்டில் வோட்கா வாங்கினேன். எங்கள் பக்கத்தில் அதற்கு அலைய வேண்டியதில்லை. இஞ்சியும் எலுமிச்சையும் சர்க்கரையும் தூக்கலாகப் போட்டுக் கலந்தேன். தொண்டைக்கு நல்லது, வழியில் குடி என்று ஃபிளாஸ்க்கைக் கொடுத்தேன். நான் சமாதானமாகிவிட்டதாக நினைத்துக் கட்டிப்பிடித்தான். ஆயுளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. அந்த வாடை அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பிழைத்திருப்பான்.

இரண்டு முறை ஊதினான். இரண்டு முறையும் சிக்கினான். ஊர் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தியைப் போட்டது நான்தான். நாலு பேருக்குத் தெரிய வேண்டுமல்லவா.

மறுநாள் அவனுடைய அம்மா ஷரீபுன்னிசா என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஆபித் அதே அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"அல்லா மேல சத்தியம் பண்றான், தம்பி. ஊரே நம்ப மாட்டேங்குது. நீ கூடவே இருந்த புள்ள. நீ சொல்லு, நான் நம்புறேன். இவன் குடிப்பானா?"

"எப்பவாச்சும் கொஞ்சம், ம்மா," என்றேன்.

ஆபித் திரும்பி என்னைப் பார்த்தான். ஃபிளாஸ்க் விஷயம் அப்போதுதான் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த அம்மாள் அதற்குப் பிறகு அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை மண்டபத்தூர்க் கடலிலிருந்து அவன் உடலைத் தூக்கியவர்கள் என் சித்தப்பாவின் படகில் போனவர்கள். நானும் ஒரு கை பிடித்தேன்.

எல்லாம் சங்கத்துக்காகச் செய்தது. வேலைநிறுத்தம் முடிந்தது, எல்லோரும் பணிக்குத் திரும்பலாம் என்ற செய்தி என் போனுக்கு எப்போது வந்தது என்று கேட்கிறீர்கள். எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தேன், ஐயா. கையைத் துடைத்துக்கொண்டு முழுவதும் படித்தேன். பிறகு மீதிப் பழத்தையும் பிழிந்தேன்.