எந்தப் பக்கம் நிக்கிற, மாப்ள?

லிக்காஸ்: ...என்ன மச்சான், தொண்டை கட்டிப்போச்சா?

தோராக்ஸ்: பின்னே? ஏதென்சுக்காரன் மேல படை எடுக்கலாமா வேணாமான்னு ஸ்பார்ட்டாவே கூடிக் கேக்குது. எந்தக் கத்தல் பெருசோ அதுதான் தீர்ப்பு. முனகவா சொல்றே?

லிக்காஸ்: எனக்குக் காதே அடைச்சுப்போச்சு. எந்தச் சத்தம் பெருசு? போரா, வேணாமா?

தோராக்ஸ்: யாரு கண்டா... நீ எதுக்குக் கத்தினே?

லிக்காஸ்: இதென்ன கேள்வி! போருக்குத்தான். நம்ம கூட்டாளி மெகாராக்காரன் ஒரு பூண்டுகூட ஏதென்சு சந்தையில விக்கக் கூடாதாமே!

தோராக்ஸ்: நம்ம இன்னொரு கூட்டாளி, அந்தக் கொரிந்துத் தூதன் பேசினதைக் கேட்டியா? நம்மளத் தூங்குமூஞ்சின்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டான், மாப்ள!

லிக்காஸ்: அவன் கப்பலுக்கும் ஏதென்சு கப்பலுக்கும் தகராறு. சாகப்போறது நம்ம... ம்... சும்மா சொன்னேன்.

தோராக்ஸ்: என்னய்யா இழுக்கிறே? பயமா?

லிக்காஸ்: யாருக்கு? ஏதென்சுக்காரனுக்கு வருசா வருசம் தீவு கூடுது, மதிலு நீளுது. இன்னிக்கு விட்டா நாளைக்கு நம்ம வாசல்ல நிப்பான்!

தோராக்ஸ்: அப்படிச் சொல்லு! ஆனா உன் மகன் கிளியாஸுக்கு இருபது முடிஞ்சாச்சு. முதல் வரிசையில நிப்பான்.

லிக்காஸ்: ...தெரியும். இருக்கறது ஒரே பையன். உன் தங்கச்சி காலையில... விடு.

தோராக்ஸ்: என்ன சொன்னா?

லிக்காஸ்: ஒண்ணும் சொல்லலே. அதான் பயமா இருக்கு... பொறு, பொறு, சபையை நடத்தற அதிகாரி எந்திரிக்கிறாரு!

தோராக்ஸ்: என்னது? எந்தச் சத்தம் பெருசுன்னு அவருக்குப் புரியலையாம்!

லிக்காஸ்: காலங்காலமா காதாலதானே அளந்தாங்க? இன்னிக்கு மட்டும் என்ன?

தோராக்ஸ்: போர் கேக்கறவன் இந்தப் பக்கம், வேணாங்கறவன் அந்தப் பக்கம். பிரிஞ்சு நிக்கணுமாம்!

லிக்காஸ்: ஐயோ... ஆளு தெரிஞ்சுடுமே!

தோராக்ஸ்: தெரிஞ்சா உனக்கென்ன? நட, நட! அந்தப் பக்கம் போறவனோட ராத்திரி படைப் பந்தியில எவன் உக்காந்து நம்ம கறுப்பு ரத்தக் குழம்பு குடிப்பான்?

லிக்காஸ்: தள்ளாதய்யா, வர்றேன்!

தோராக்ஸ்: அடேயப்பா, நம்ம பக்கம் எவ்வளவு கூட்டம் பாரு! முடிஞ்சுது மாப்ள. போர்தான்!

லிக்காஸ்: ...மச்சான், ஒண்ணு சொல்றேன், அடிக்காதே. கூட்டத்துக்குள்ள நான் 'வேணாம்'னுதான் கத்தினேன். நீ பக்கத்துல நின்னே, அதான் இங்க வந்துட்டேன்.

தோராக்ஸ்: அடப்பாவி! நானும் அதைத்தான்யா தொண்டை கிழியக் கத்தினேன்... பெத்த அப்பனே போருங்கறான், தாய்மாமன் நான் எந்த மூஞ்சியோட அந்தப் பக்கம் போய் நிப்பேன்?